இரண்டு பெஞ்சு, ஒரு முக்காலி

இடது கை பலகையின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை, கட்டையில் சுற்றிய உப்புத்தாளை அந்த விளிம்பின் மேல் ஒரே நீளத்துக்கு இழுத்தது. இழுத்து, தூளை ஊதி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி இழுத்தது. தடவிய விரலில் எதுவும் தட்டுப்படாமல் போன பிறகே கைகள் ஓய்ந்தன.

"உட்காருங்க மாமா."

மாமனார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதுப் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அவள் மரத்தூள் படிந்த முன்கையால் நெற்றியைத் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்றார். "இது இல்ல."

"எது இல்ல?"

"அதுதான் தெரியல. பெஞ்சு நல்லா இருக்கு. ஆனா அது இல்ல."

உப்புத்தாள் கட்டை பட்டறையின் மறுமூலைக்குப் பறந்தது. "உயரத்தை ஏத்தியாச்சு. அகலத்தைக் குறைச்சாச்சு. சாய்மானத்தை எடுத்தாச்சு. இன்னும் நான் என்ன மாமா செய்யணும்? பேசாம இந்த ரம்பத்தை எல்லாம் எடைக்குப் போட்டுட்டு ஒரு தையல் மிஷின் வாங்கிக்கிறேன்."

"கோபப்படாதம்மா."

"கோபமே இல்ல. எனக்கு எதுக்குக் கோபம்?" என்று சொல்லிக்கொண்டே போய், எறிந்த கட்டையைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

பட்டறையின் சன்னல் ஓரத்தில் அவளுடைய அப்பா தரையில் உட்கார்ந்து ரம்பத்துக்குக் கூர் தீட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பல்லாக அரத்தைத் தள்ளினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சம்பந்தி அங்கே இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு புது அறை திறக்கப்போகிறார்கள். இரண்டு நாடுகளின் விடுதலைப் போராட்டத்தை எதிரெதிரே வைத்துக் காட்டுகிற அறை. ஒன்று இந்த நாடு. கடல் கடந்து வந்த துரைமார் பல தலைமுறைகள் ஆண்டுவிட்டுக் கப்பலேறிப் போன நாடு. இன்னொன்று மாமனார் பிறந்த நாடு. அங்கே துரைமார் குடியேறி, மண்ணையும் பிடித்துக்கொண்டு, தோலின் நிறம் பார்த்துச் சட்டம் எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு நாட்டு ரயில் நிலையங்களிலும் அந்தக் காலத்தில் கிடந்த பெஞ்சு ஒவ்வொன்றை அப்படியே செய்து தர வேண்டும் என்று காப்பாட்சியர் அம்மா அவளிடம் கேட்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் ஒன்றில் உட்கார்ந்துவிட்டு மற்றதில் உட்கார்ந்து பார்ப்பார்களாம். கண்ணால் ஒப்பிடுவது போதாது, உடம்பும் ஒப்பிடட்டும் என்றார்.

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். பெஞ்சு அவள் கைக்குப் பழகிய வேலை. அதோடு, இரண்டு பெஞ்சையும் நேரில் பார்த்த சாட்சிகள் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஒரே அறையில், எதிரெதிர்க் கட்டிலில்.

தெருவில் அவளுக்குத் தச்சரம்மா என்று பெயர். பட்டறை ஆட்கள் ரசமட்டம் என்பார்கள். எதைச் செய்தாலும் ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் விடமாட்டாள். தன் கல்யாணத்துக்கு முந்தைய நாள், மாப்பிள்ளை வீட்டார் உட்கார வேண்டிய பெஞ்சு ஆடுகிறது என்று அதன் அடியில் புகுந்துகொண்டவள் அவள்.

யாரும் அவளுக்குத் தச்சு வேலை சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூட மேசை நாற்காலி செய்கிற ஒரு பட்டறையில், பெண்களை உப்புத்தாள் தேய்க்கவும் வார்னிஷ் பூசவும் மட்டுமே எடுத்தார்கள். உளியைத் தொட்டால் மேஸ்திரி கத்துவார். உடைந்து திரும்பி வந்த நாற்காலிகளைக் கொல்லையில் குவித்து வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். துளைக்குள் இறங்கும் கழுந்து எங்கே வெடித்தது, துளை எங்கே தளர்ந்தது, பசை எங்கே பிடிக்கவில்லை என்று பார்த்துப் பார்த்து, ஒரு நாற்காலி எப்படி உடையும் என்று முதலில் தெரிந்துகொண்டாள். எப்படி உடையாமல் செய்வது என்பது பிறகு வந்தது. மேஸ்திரியைவிட நன்றாகக் கழுந்து வெட்டுகிறாள் என்று ஆனபோது வேலையைவிட்டு நிறுத்தினார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டாள்.

பேருந்துப் பணிமனையின் உடைந்த பெஞ்சை ஏற்றிக்கொண்டு வந்த ஓட்டுநர்தான் பிறகு அவள் கணவன் ஆனான். சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லை தாண்டி இந்த ஊருக்கு வந்தவன். அவனுடைய அப்பா அங்கே ஜெயிலுக்குப் போய், பிறகு தடை செய்யப்பட்டவர். பேசக்கூடாது, கூட்டத்தில் நிற்கக்கூடாது, சொந்தத் தெருவைவிட்டுப் போகக்கூடாது என்று அவர் பெயருக்கே ஒரு சட்டம் இருந்தது. அவளுடைய அப்பாவும் இங்கே ஜெயில் பார்த்தவர். பெண் பார்க்க வந்த நாளில் இருவரும் ஜெயில் கம்பளியில் எந்த நாட்டில் மூட்டைப்பூச்சி அதிகம் என்று பேசத் தொடங்கி, பெண்ணைப் பார்க்கவே மறந்துபோனார்கள். இரண்டு பேரின் மனைவிமாரும் இறந்துபோன பிறகு இருவரும் இந்த வீட்டுக்கே வந்தார்கள். பேச்சும் கூடவே வந்தது. அது நாளாக நாளாகப் போட்டியாக மாறியது.

பெஞ்சு வேலை வந்த வாரம் அது சாப்பாட்டு மேசையில் வெடித்தது.

"சம்பந்தி, உங்க கதை சுருக்கம்" என்றார் மாமனார். "துரை மூட்டை கட்டினான், கப்பல் ஏறினான், நீங்க கொடி ஏத்தினீங்க. எங்க துரை எங்க போவான்? அங்கேயே பொறந்தான், அங்கேயே பண்ணை வச்சான். இன்னிக்கும் எங்க தெருவுக்கு அடுத்த தெருவில பென்ஷன் வாங்கிட்டு ரோஜாச்செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கான்."

"அவனாவா கப்பல் ஏறினான்? நாங்க ஏத்தினோம்" என்றார் அப்பா. "எத்தனை பேர் அடிவாங்கினோம்?"

"வாங்கினீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க நாட்டில துரை ஒரு கைப்பிடி. நீங்க கோடிக்கணக்கில. எப்படி அத்தனை வருஷம் ஆண்டான்?"

"உங்க நாட்டிலயும் நீங்கதானே அதிகம்?"

"அதிகம்தான். அதனாலதான் அவன் சட்டம் எழுதினான், துப்பாக்கி வச்சான், ஒவ்வொரு பெஞ்சுக்கும் ஒரு பலகை அடிச்சான், உனக்கு இங்க, எனக்கு அங்கன்னு. எழுதிப் போட்டாத்தான் எங்க ஆள் எழுந்திருப்பான். உங்களுக்கு எழுதவே வேண்டியதில்ல சம்பந்தி. துரையோட பூட்ஸ் சத்தம் கேட்டா நீங்களே எழுந்திருச்சிட்டீங்க."

"நான் உட்கார்ந்தேன்" என்றார் அப்பா. அந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மீசை முளைக்காத வயதில், முதல் வகுப்புக் காத்திருப்போர் அறைக்குள் போய்த் துரைமார் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்க மறுத்தார். ஜெயிலுக்குப் போனார்.

"ஒரு நாள் உட்கார்ந்தீங்க. அதுக்கு முந்தி எத்தனை நாள்?"

அப்பா கையிலிருந்த தம்ளரை மேசையில் வைத்தார். எழுந்து போனார். மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பெஞ்சு வேலை முடிஞ்சதும் சின்னவ வீட்டுக்குப் போறேன்."

"அங்க உங்களால முடியாதுப்பா."

"முடியும். அதுவரைக்கும் உன் ரம்பத்தை எல்லாம் தீட்டிக் கொடுத்துடுறேன்."

தங்கை வீடு உயரமான கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்தது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. போனமுறை படியேறி முட்டி வீங்கி, கீழே இறங்கவே முடியாமல் சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். தங்கையும் மாப்பிள்ளையும் காலையில் போனால் இருட்டிய பிறகே வருவார்கள். அங்கே அவர் சண்டை போடக்கூட ஆள் இல்லை. இந்த முறை ஏறினால் இறங்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

மாமனாரிடம் போய் நின்றாள். "ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

"நான் பொய்யா சொன்னேன்?"

"உண்மையைக் கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."

"மெதுவா சொல்லிப் பழகலம்மா. எங்க நாட்டில மெதுவா சொன்னா கேட்கமாட்டாங்க."

கணவனிடம் போனாள். அவன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நான் ரூட்டு பஸ் ஓட்டுறவன். ரெண்டு பக்கமும் நின்னு ஆள் ஏத்துவேன். ஒரு பக்கமா சாய்ஞ்சா வண்டி கவிழ்ந்துடும்."

"ரொம்ப நல்லது. போய் ஓட்டுங்க."

அப்படித்தான் அவள் பெஞ்சை முடிக்கவும் முடியாமல், முடிக்காமல் இருக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டாள். முடித்தால் அப்பா போய்விடுவார். முடிக்காவிட்டால் வாங்கிய வேலைக்கு அவமானம். இந்த லட்சணத்தில் மாமனார் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, கண்ணை மூடி, இது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இல்லாத பெஞ்சை எப்படித்தான் செய்வது?

பழைய புகைப்படம் ஏதாவது இருக்குமா என்று கேட்க அருங்காட்சியகத்துக்குப் போனாள். காப்பாட்சியர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அலுவலக வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். நேரம் போனது. மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. உள்ளே போகிறவர்களும் வருகிறவர்களும் அவளைத் தாண்டி நடந்தார்கள். ஒரு காலை மாற்றி மறுகாலைத் தொங்கவிட்டாள். முன்னால் நகர்ந்தாள், பின்னால் நகர்ந்தாள். முட்டிக்குப் பின்பக்கம் ஒரு கோடு போல அழுத்திக்கொண்டே இருந்தது. கால் மரத்துப்போனது. எந்தப் புண்ணியவான் இந்தப் பெஞ்சைச் செய்தான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே கையைக் கீழே விட்டு விளிம்பைத் தடவினாள்.

கை அங்கேயே நின்றது.

விளிம்பின் முனையை யாரும் மழுக்கவில்லை. ரம்பம் விட்ட இடத்தில் பலகை அப்படியே செங்குத்தாக நின்றது. எழுந்து, தரையில் மண்டியிட்டு, கன்னத்தைப் பலகையோடு ஒட்டிப் பார்த்தாள். இருக்கை பின்பக்கம் சரியவும் இல்லை. முன்பக்கம் இம்மி இறங்கியிருந்தது. உட்கார்ந்தவரை மெல்ல மெல்லக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிற பெஞ்சு. வராந்தாவில் போன ஒருவர் எதையோ தொலைத்துவிட்டாளா என்று விசாரித்தார். "ஆமா, கிடைச்சிடுச்சு" என்றாள்.

பெஞ்சு செய்கிற எவரும் முனையை மழுக்காமல் விடமாட்டார்கள். இருக்கையைப் பின்பக்கம் ஒரு நூல் அளவு இறக்குவார்கள். அவள் கைக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. உயரத்தை மாற்றியபோதும் அகலத்தைக் குறைத்தபோதும் கை பாட்டுக்கு அந்த இரண்டையும் செய்துகொண்டே இருந்தது. மாமனாரின் ஆட்களுக்கென்று வலிப்பதற்காகவே செய்த ஒரு பெஞ்சை அவள் ஒவ்வொரு முறையும் வலிக்காமல் செய்துவிட்டு, ஏன் சரியாக வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் எதற்காகப் பெருமைப்பட்டாளோ அதுவே குறுக்கே நின்றது. எரிச்சலில் சிரிப்பு வந்தது. சிரிப்பில் இன்னும் எரிச்சல் வந்தது. விடுதலை வந்து இத்தனை காலம் கழித்து ஓர் அரசாங்க வராந்தாவில் இந்தப் பெஞ்சு எப்படி வந்தது என்று யாரைக் கேட்பது?

காப்பாட்சியர் கூட்டம் முடிந்து வெளியே வந்தார். காக்க வைத்ததற்கு வருத்தம் சொன்னார். புகைப்படங்களை மேசையில் பரப்பினார். மாமனாரின் நாட்டுப் பெஞ்சு ஒரு படத்தில் பாதி தெரிந்தது. அதற்கு மேல் அறிவிப்புப் பலகையும் தெரிந்தது.

"இது எனக்குக் கவலையில்ல" என்றார் காப்பாட்சியர். "பலகை இருக்கு, பார்க்கிறவங்களுக்குப் புரிஞ்சிடும். நம்ம நாட்டுப் பெஞ்சுதான் இடிக்குது."

"என்ன இடிக்குது மேடம்?"

"அது துரைமார் பெஞ்சு. கைப்பிடி, சாய்மானம், பிரம்புப் பின்னல். ஆனா இன்னார் உட்காரக்கூடாதுன்னு எங்கேயும் எழுதல. நீங்க எவ்வளவு அழகா செஞ்சாலும், வர்றவங்க ஒரு நல்ல பெஞ்சுன்னு நினைச்சு உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்க. யாரும் உட்காராததை எப்படிக் காட்டறது? எனக்கே தெரியல."

படத்தில் பாதி தெரிந்த பெஞ்சை விரலால் அளந்துவிட்டு அவள் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து புதுப் பலகை எடுத்தாள். மழுக்கிய முனை திரும்பி வராது. முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். இழைப்புளியைத் தள்ளி முடித்ததும் கை தன்பாட்டுக்கு உப்புத்தாளைத் தேடியது. அதைத் தூக்கிப் பரணில் போட்டாள். முனையைக் கத்திபோல நிற்கவிட்டாள். முன்கால்களை இம்மி குட்டையாக்கினாள். ரசமட்டத்தை வைத்தபோது குமிழி ஓரத்துக்கு ஓடியது. அதை அப்படியே விட்டுவிட்டு நகர்வது அவளுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியமாக இருந்தது.

"உட்காருங்க மாமா."

மாமனார் உட்கார்ந்தார். கண்ணை மூடவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் இருந்த சுவரையே பார்த்தார். இரண்டு கைகளும் தாமாக முழங்காலின் மேல் வந்து சேர்ந்தன. முதுகு குறுகியது. பிறகு சட்டென்று எழுந்துகொண்டார்.

"இதுதான்" என்றார். செருப்பைப் போட மறந்து வெளியே போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

வேலை சரியாக வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். சன்னல் ஓரத்தில் அரம் நின்றிருந்தது. அப்பா குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பெஞ்சைச் செய்வதில் எந்தச் சிக்கலும் இல்லை. நல்ல பெஞ்சு செய்ய அவள் கைக்குத் தெரியும். கைப்பிடியை வளைத்தாள், சாய்மானத்தைச் சரித்தாள், பிரம்பை இழுத்துப் பின்னினாள். கடைசியாக வார்னிஷ் பூசிக்கொண்டிருந்த காலையில் அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"பெஞ்சு சரி. வாசல் இல்லையே?"

"வாசல் எதுக்குப்பா? அது அருங்காட்சியகம்."

"அந்த ரூம் வாசல்ல ஒரு முக்காலி இருக்கும். காக்கிச் சட்டை, பித்தளை வில்லை, கையில ஒரு பிரம்பு. நம்ம ஆள் யாராவது பெஞ்சு பக்கம் போனா, பிரம்பால தரையில ஒரு தட்டு. அடிக்கமாட்டார். திட்டமாட்டார். தட்டுவார். எழுந்து போயிடுவாங்க. பலகை எதுக்கு? முக்காலியில அவர் உட்கார்ந்திருந்தாரே, போதாதா?"

"யாருப்பா அவர்?"

அப்பா வார்னிஷ் டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினார்.

"உன் தாத்தா."

தாத்தா ரயில்வேயில் இருந்தார் என்று மட்டுமே அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சீருடை போட்ட ஒரு படம் வீட்டில் இருந்தது. அவள் அவரை ஏதோ வண்டி ஓட்டுகிறவராகவே நினைத்து வளர்ந்தாள்.

"நீங்க உட்கார்ந்த அன்னிக்கு?"

"அன்னிக்கும் அவர்தான். தட்டினார். நான் எழுந்திருக்கல. மறுபடி தட்டினார். என் முகத்தைப் பார்க்கவே இல்ல, பிரம்பு நுனியைத்தான் பார்த்தார். அப்புறம் பிரம்பை முக்காலி மேல வச்சிட்டு ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிடப் போயிட்டார். நான் உள்ள இருந்தப்ப ஒரு தடவைகூட வந்து பார்க்கல. அவருக்கு வேலையில ஒரு படி ஏத்திக் கொடுத்தாங்க."

"சுதந்திரம் வந்த பிறகு?"

"அதே முக்காலிதான். நம்ம அதிகாரிகளுக்காகத் தட்டினார்."

அவள் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அது தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சம்பந்தி சொன்னது பொய்யா இருந்திருந்தா நான் ஏன் பெட்டி கட்டறேன்?" என்றார் அப்பா. "அவங்க ஊர்ல பலகையைக் கழட்டி உடைச்சாங்க. ஊரே கூடி நின்னு கை தட்டுச்சாம். நாங்க எதைக் கழட்டறது? எங்கப்பாவையா?"

அவள் தூரிகையை எண்ணெயில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "முக்காலி எவ்வளவு உயரம்?"

அப்பா கையைத் தரைக்கு மேல் நிறுத்திக் காட்டினார். கொஞ்சம் யோசித்துக் கையைத் தாழ்த்தினார். "ஒரு கால் குட்டை. உட்கார்ந்தா ஒரு பக்கம் சாயும். அவர் சாயாம உட்காரப் பழகியிருந்தார்."

இரண்டு பெஞ்சையும் ஏற்றிப் போக வாடகை வண்டி வந்தது. கணவன் அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தான். வண்டியை அவனே ஓட்டினான். பெஞ்சுகளுக்கு நடுவில் அப்பாவின் தகரப்பெட்டியும் ஏறியது. அருங்காட்சியகத்தில் இறக்கிவிட்டு நேரே தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அப்பா முன்னால் உட்கார்ந்து முக்காலியை மடியில் வைத்துக்கொண்டார். மாமனார் பின்னால், தன் நாட்டுப் பெஞ்சில் உட்காராமல், அதைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். வழியெல்லாம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. கணவன் ஒருமுறை கண்ணாடியில் பார்த்துவிட்டு, "மழை வரும்போல" என்றான். வானம் பளிச்சென்று இருந்தது.

அறையில் பெஞ்சுகளை எதிரெதிர்ச் சுவரில் வைத்தார்கள். ஒன்றின் மேல் பலகை ஏற்கெனவே தொங்கியது. காப்பாட்சியர் இரண்டிலும் உட்கார்ந்து பார்த்தார். முதலாவதிலிருந்து எழுந்தபோது தொடையின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாவதில் உட்கார்ந்ததும், "பார்த்தீங்களா, இது சொகுசா இருக்கு, அதான் பிரச்சனை" என்றார். பிறகு அவள் கையில் இருந்த முக்காலியைக் கவனித்தார்.

"இது என்ன? திட்டத்தில இல்லையே?"

அவள் வாய் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்தார். "இது அந்த ரூம் வாசல்ல உட்கார்ந்திருந்த ஆளோடது. உட்காரப் போனவங்களை எழுப்பிவிட்ட ஆளோடது." ஒரு மூச்சு விட்டார். "எங்கப்பாவோடது."

தன் நாட்டுச் சுவரைப் பார்த்து நின்றிருந்த மாமனார் திரும்பினார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. காப்பாட்சியர் துரைமார் பெஞ்சைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். சுவர் ஓரத்தில் இடத்தைக் கண்ணால் அளப்பது தெரிந்தது. அளந்துவிட்டு, "எந்தப் பக்கம் வைக்கிறது?" என்றார்.

"இந்தப் பக்கம்" என்றார் அப்பா.

"இல்ல, எங்க பக்கம்" என்றார் மாமனார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"பலகை தானா யாரையும் எழுப்பாது சம்பந்தி. பாதிப் பேருக்கு அதைப் படிக்கவே தெரியாது. எங்க ஸ்டேஷன்லயும் ஒருத்தன் இருந்தான். எங்க தெருக்காரன், எங்க நிறம். துரையைவிட அவனுக்குத்தான் தொண்டை பெருசு. முக்காலி எங்க பக்கம் இருக்கட்டும்."

அப்பா பல நாளைக்குப் பிறகு சம்பந்தியின் முகத்தை நேராகப் பார்த்தார். "உங்களுக்குத்தான் பலகை இருக்கே? பலகையும் வேணும், முக்காலியும் வேணுமா?"

"கேட்டா என்ன தப்பு? எங்களுக்கு ரெண்டும் இருந்துச்சு."

"எல்லாம் உங்களுக்கே ரெண்டு ரெண்டா இருந்துச்சு."

"உங்கப்பா பிரம்பைத் தரையில தட்டினார். எங்க ஆள் முதுகிலயே தட்டினான்."

"தரையில தட்டினா வலிக்காதுன்னு யார் சொன்னா உங்களுக்கு?"

"வலிக்காதுன்னு நான் சொன்னேனா? சொன்னேனா சம்பந்தி?"

"அன்னிக்குச் சாப்பிடும்போது சொன்னீங்களே, நீங்களே எழுந்திருச்சிட்டீங்கன்னு!"

"அப்போ இந்த ஆள் இருந்தார்னு நீங்க சொல்லலையே!"

"சொல்ற மாதிரியா அன்னிக்குப் பேசினீங்க?"

காப்பாட்சியர் கையை உயர்த்தினார். "பெரியவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமே?"

"எதுல உட்காரச் சொல்றீங்க?" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அறைக்கு வெளியே கணவன் வண்டியின் ஒலிப்பானை அழுத்தினான். தங்கை வீடு தூரம், நேரமாகிறது என்று அர்த்தம். யாரும் காதில் வாங்கவில்லை.

"இங்க வேணாம்" என்றார் அப்பா, விரலை ஆட்டிக்கொண்டே. "நாலு பேர் பார்க்கிற இடம். வீட்டில வச்சுப் பேசிக்கலாம். ஒண்ணு ஒண்ணா கேட்கிறேன், பதில் சொல்லுங்க."

"தாராளமா கேளுங்க."

இன்னும் எத்தனை சாப்பாட்டு வேளைகள் இப்படியே போகும் என்று நினைக்கும்போதே அவளுக்குத் தலை வலித்தது. முக்காலி கையில் கனத்தது. எந்தச் சுவர் என்பது இன்றைக்கு முடிவாகாது. இந்த ஆண்டு முடிவாகுமா என்பதும் சந்தேகம். அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்து காப்பாட்சியரிடம் போனாள்.

"பிடிங்க மேடம். ஒரு கால் குட்டை, சாயும். யாராவது கட்டை வச்சுச் சரி பண்ணிடப் போறாங்க, பார்த்துக்கோங்க."

காப்பாட்சியர் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.